தீவிர வானிலை ஆய்வின் வரலாறு

முன்னுரை

2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 946 மில்லிமீட்டர் மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர். ஆகவே 100 சதுர மீட்டர் மொட்டைமாடி ஒன்றின்மீது அன்று விழுந்த நீர் 94,600 லிட்டர்.

அந்த வெள்ளம் வடிந்த பிறகு மக்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இது எப்போதோ வரும் மழையா, இனி அடிக்கடி வருமா?" இதற்கு விடை தேடும் துறையே தீவிர வானிலை ஆய்வு. முனைவர் பட்டம் முடித்த இளைஞர்களுக்கு உலகெங்கும் ஆய்வுப் பணியிடங்கள் உருவாகிவரும் துறைகளுள் இதுவும் ஒன்று. இதன் வேர்களில் ஒன்று தமிழ்நாட்டில் உள்ளது.

சென்னை வானாய்வகம்

கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் ஒன்றை அமைத்தது. கப்பல் பயணத்துக்கு வேண்டிய விண்மீன் கணக்குகளே அதன் முதல் நோக்கம். அதன் வானியலாளர் ஜான் கோல்டிங்காம் காலத்தில், 1796 முதல் வானிலைக் குறிப்புகளும் எழுதப்பட்டன. அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.

நாள்தோறும் வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் எழுதிவைத்தவர்களுக்கு, இருநூறு ஆண்டுகள் கழித்து அது எதற்குப் பயன்படும் என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் ஒரு மழை "வழக்கத்துக்கு மாறானது" என்று சொல்வதற்கு, முதலில் வழக்கம் எது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்பவை பழைய பதிவேடுகளே.

பஞ்சமும் பருவமழையும்

1864இல் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. 1866இலும் 1871இலும் பருவமழை பொய்த்தது. இவற்றின் விளைவாக 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றியது. ஹென்றி பிளான்போர்டு அதன் முதல் தலைவரானார். அடுத்த ஆண்டே தென்னிந்தியாவில் தாது வருடப் பஞ்சம் தொடங்கிப் பல லட்சம் உயிர்களைக் கொண்டுபோனது. மழையை முன்கூட்டியே அறிய முடியுமா என்ற கேள்வி அரசுக்கு அவசரமாயிற்று.

1904இல் தலைமைப் பொறுப்பேற்ற கணித அறிஞர் கில்பர்ட் வாக்கர், உலகின் பல நிலையங்களின் பதிவுகளை ஒப்பிட்டார். பசிபிக், இந்தியப் பெருங்கடல் பகுதிகளின் காற்றழுத்தம் தராசுத் தட்டுகளைப்போல ஏறி இறங்குவதைக் கண்டு, அதற்குத் 'தெற்கு அலைவு' என்று பெயரிட்டார். இன்று எல் நினோ பற்றி நாம் பேசுவதற்கு அது ஓர் அடித்தளம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்ற அன்னா மாணி, 1948இல் வானிலைத் துறையில் சேர்ந்து, அளவுக் கருவிகளை இந்தியாவிலேயே செய்யவும் தரப்படுத்தவும் உழைத்தார். 1962இல் புனேயில் வெப்பமண்டல வானிலை ஆய்வுக்கான தனி நிறுவனம் தொடங்கப்பட்டது.

காரணம் காணும் ஆய்வு

ஒரு தனி வெள்ளத்துக்கோ வெப்ப அலைக்கோ புவி வெப்பமாதல் காரணமா என்று கேட்டால், "சொல்ல இயலாது" என்பதே 2000ஆம் ஆண்டு வரை அறிவியலாளர் விடை. 2003இல் ஐரோப்பாவைத் தாக்கிய வெப்ப அலை இதை மாற்றியது. மனிதச் செயல்பாடுகள் அத்தகைய வெப்பத்தின் வாய்ப்பைக் குறைந்தது இரு மடங்காக்கியிருக்கக் கூடும் என்று 2004இல் பீட்டர் ஸ்டாட், மைல்ஸ் ஆலன் உள்ளிட்டோர் காட்டினர்.

இதன் முறை எளிது. கணினியில் இரண்டு உலகங்களை உருவாக்குவர். ஒன்று இன்றுள்ள வெப்பமான உலகம். மற்றொன்று தொழிற்சாலைப் புகை சேராத உலகம். இரண்டிலும் அதே அளவு மழை எத்தனை முறை வருகிறது என்று எண்ணி ஒப்பிடுவர். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பமானால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது இதில் முக்கிய இயற்பியல் விதி.

ஆனால் விடை எப்போதும் எதிர்பார்த்தபடி அமைவதில்லை. 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மழையை ஆராய்ந்த பன்னாட்டுக் குழு, அதில் புவி வெப்பமாதலின் பங்கைத் தெளிவாகக் காண முடியவில்லை என்றே எழுதியது. காற்று மாசின் துகள்கள் வெயிலை மறைத்து, வெப்பமாதலின் விளைவை ஓரளவு ஈடுசெய்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. கிடைத்த விடையை அப்படியே சொல்வதுதான் அறிவியலின் நேர்மை.

நம் பகுதிக்கு இதன் தேவை

கடையநல்லூர் வட்டார உழவர்கள் தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் நம்பியிருப்பவர்கள். மலையடிவாரத்தில் கருப்பாநதி அணையும் அதன் கீழே குளங்களும் உள்ளன. ஒரு குளத்தின் கரையும் மறுகாலும் எவ்வளவு மழையைத் தாங்க வேண்டும் என்பதைப் பழைய மழைக் கணக்கைக்கொண்டே தீர்மானிக்கின்றனர். அந்தக் கணக்கு மாறினால் கரையும் மாற வேண்டும்.

"நூறாண்டு மழை" என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நூறாண்டுக்கு ஒருமுறை முறைவைத்து வரும் மழை என்பது அதன் பொருளன்று. ஒவ்வோர் ஆண்டும் வர 1 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். 30 ஆண்டுகளில் ஒருமுறையேனும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு. தாமிரபரணிக் கரை 1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் பெருவெள்ளம் கண்டது.

இன்னொரு சிக்கலும் உண்டு. தூத்துக்குடி 1986இலும் தென்காசி 2019இலும் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டங்களாயின. எனவே பழைய "திருநெல்வேலி மாவட்டச் சராசரி"யை இன்றைய சராசரியோடு நேராக ஒப்பிட முடியாது. ஒவ்வொரு மழைமானியின் பதிவையும் தனித்தனியே எடுத்துச் சீர்செய்ய வேண்டும். இத்தகைய பொறுமையான வேலையை முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்களே பெரும்பாலும் செய்கின்றனர். இதற்கு இயற்பியல், புள்ளியியல், கணினி நிரல் மூன்றும் தெரிந்திருக்க வேண்டும்.

முடிவுரை

1796இல் ஒரு பதிவேட்டில் தொடங்கிய பணி இன்று மீத்திறன் கணினிகளில் தொடர்கிறது. ஆனால் அடிப்படை மாறவில்லை: அளந்து எழுதாத மழையைப் பற்றி எந்தக் கணினியும் உறுதியாகச் சொல்ல முடியாது. பள்ளி வளாகத்தில் ஒரு மழைமானி வைத்து, மாணவர்கள் நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவெடுத்துக் குறித்துவரலாம். அதற்கு ஆகும் செலவு சொற்பம். அந்த ஏட்டின் மதிப்பு ஐம்பது ஆண்டுகள் கழித்துத் தெரியும். அதைப் படிக்கப்போகும் ஆய்வாளர் நம் ஊர்ப் பிள்ளையாகவும் இருக்கலாம்.