கோலகுபு பாருவில் வீடு வாங்க: கையெழுத்திடும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே வேலை செய்து, ஓய்வு பெறும் வயதில் தோட்ட வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை உலு சிலாங்கூர் இந்தியக் குடும்பங்களுக்குப் புதியதல்ல. மாவட்டத்தின் ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த முன்னாள் தொழிலாளர்களின் வீட்டுப் பிரச்சினை, 2024 கோலகுபு பாரு இடைத்தேர்தலின்போது நாடு முழுவதும் பேசப்பட்டது. மறுபக்கம், கோலாலம்பூரின் வீட்டு விலைக்கு ஈடுகொடுக்க முடியாத இளம் தம்பதிகளும் ரவாங்கைத் தாண்டி பத்தாங்காலி, ராசா, கோலகுபு பாரு என்று வடக்கே தேடத் தொடங்கியுள்ளனர்.

இரு தரப்பினருக்கும் வீடு என்பது வாழ்நாள் சேமிப்பு. சிறு நகரத்தில் வீடு மலிவாக இருக்கலாம். ஆனால், நிலத்தின் உரிமையைச் சரிபார்க்காமல் வாங்கினால் அந்த மலிவே பெரும் இழப்பாகிவிடும்.

ஊரைப் பற்றி

உலு சிலாங்கூர் மாவட்டத்தின் தலைநகரான கோலகுபு பாரு, கோலாலம்பூருக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், பிரேசர் மலைக்குச் செல்லும் சாலையில் உள்ளது. பழைய கோலகுபு நகரம் 1883இல் அணை உடைந்து வெள்ளத்தில் அழிவைச் சந்தித்தது. அதன் பின்னரும் ஈயச் சுரங்க மண் ஆற்றை மேடாக்கியதால் வெள்ளம் ஓயவில்லை. எனவே நகரத்தை மேட்டுப் பகுதிக்கு மாற்ற முடிவானது. நியூசிலாந்தில் பிறந்த நகரத் திட்ட வல்லுநர் சார்ல்ஸ் ரீட், தோட்ட நகரக் கோட்பாட்டின்படி புதிய ஊரை வடிவமைத்தார். கடைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் இடையே இன்றும் காணப்படும் பசுமைத் திடல்கள் அந்தத் திட்டத்தின் அடையாளம். பழைய நகரம் இருந்த இடமே ‘உடைந்த அணை’ என்று பொருள்படும் அம்பாங் பெச்சா.

இந்த வரலாறு வீடு வாங்குவோருக்கும் பயன்படும். ஆற்றோரத் தாழ்நிலமா, மேட்டு நிலமா, மலைச்சரிவா என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2022 டிசம்பர் 16ஆம் தேதி பத்தாங்காலி அருகே நிகழ்ந்த நிலச்சரிவில் 31 பேர் உயிரிழந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. வீட்டின் பின்புறம் சரிவாக இருந்தால் தடுப்புச் சுவர், வடிகால் ஆகியவற்றின் நிலையைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். மழை நாளில் ஒருமுறை சென்று பார்ப்பதும், அக்கம்பக்கத்தாரிடம் விசாரிப்பதும் செலவில்லாத சோதனைகள்.

அன்றாட வாழ்க்கை

நகரில் அரசாங்க மருத்துவமனை, மாவட்ட நில அலுவலகம், சந்தை ஆகியவை உள்ளன. சிறப்பு சிகிச்சைக்கு சிலாயாங், சுங்கை பூலோ பக்கம் செல்ல நேரிடும். தொடர் சிகிச்சை பெறும் பெற்றோருடன் குடியேறுவோர் இந்தப் பயணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தஞ்சோங் மாலிம் – கிள்ளான் துறைமுகத் தடத்தில் ஓடும் கொமியூட்டர் ரயில் கோலகுபு பாருவில் நிற்கிறது. கோலாலம்பூர் மையத்திற்கு ஒரு மணி நேரத்திற்கும் மேல் ஆகும். ரயில் நிலையம் நகர மையத்திலிருந்து தள்ளியே உள்ளது. நகரின் மற்ற ரயில்களைப் போல அடிக்கடி வண்டி கிடைக்காது. எனவே, தலைநகரில் வேலை செய்பவர், வீடு வாங்கும் முன் ஒரு வாரமாவது அதே நேரத்தில் போய்வந்து பார்ப்பது நல்லது. குறைந்த மாதத் தவணையால் மிச்சமாகும் பணம் பெட்ரோலுக்கும் டோலுக்கும் போய்விட்டால் இலாபம் இல்லை. பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளி எவ்வளவு தூரம், பள்ளிப் பேருந்து அந்தத் தாமானுக்குள் வருகிறதா என்பதும் விசாரிக்க வேண்டியவை.

புறநகர் வீடுகள் பலவற்றில் கழிவுநீர், பொதுக் குழாய்க்குச் செல்லாமல் வீட்டிலேயே உள்ள மலக்குழித் தொட்டியில் சேரும். அது எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது சுத்தம் செய்யப்பட்டது என்று கேட்க வேண்டும்.

நிலம் யாருடையது?

விலையைப் பேசுவதற்கு முன் நிலப்பட்டாவைப் பார்க்க வேண்டும். வழக்கறிஞர் மூலமாகவோ நேரடியாகவோ கட்டணம் செலுத்தி நில அலுவலகத்தில் பதிவுகளைத் தேடிப் பார்க்கலாம். உரிமையாளரின் பெயர், வங்கிக் கடன், தடையாணை, நிலப் பயன்பாட்டு வகை, உரிமைக் கட்டுப்பாடு ஆகிய அனைத்தும் அதில் தெரியும். கவனிக்க வேண்டியவை ஐந்து.

1. மலாய் ஒதுக்கீட்டு நிலம். இதை மலாய்க்காரர் அல்லாதவர் தம் பெயருக்கு மாற்ற இயலாது. வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும், யார் பெயரில் ‘ஏற்பாடு’ செய்து தருவதாகச் சொன்னாலும், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பூமிபுத்ரா ஒதுக்கீட்டு வீடு என்றால் மாநில அரசின் அனுமதி தேவைப்படும்.

2. நிரந்தர உரிமையா, குத்தகையா? குத்தகை நிலத்தில் எஞ்சிய ஆண்டுகள் குறைந்தால் வங்கிகள் கடன் தரத் தயங்கும். பெயர் மாற்றத்திற்கு மாநில அனுமதி தேவைப்பட்டால் சில மாதங்கள் கூடுதலாகும். புதுக்கிராம வீடுகளில் இதைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

3. தற்காலிகக் குடியிருப்பு உரிமம். ‘டி.ஓ.எல்.’ என்று பேச்சுவழக்கில் அழைக்கப்படும் இது, அந்தந்த ஆண்டின் இறுதியோடு முடிந்து புதுப்பிக்கப்படுவது. 1965 தேசிய நிலச் சட்டத்தின்படி இதை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. உரிமதாரர் இறந்தால் உரிமமும் முடிந்துவிடும். இத்தகைய நிலத்தில் உள்ள வீட்டை ‘வாங்கியவர்’ கையில் எஞ்சுவது ரசீது மட்டுமே.

4. விவசாய நிலம். பட்டாவில் விவசாயம் என்று இருந்தால் நிலப் பயன்பாட்டை மாற்றாமல் தாமான் போல வீடுகள் கட்ட இயலாது.

5. லோட் லிடி. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் விவசாய நிலத்தைச் சிறு துண்டுகளாக்கி விற்பதையே இப்படி அழைக்கின்றனர். விவசாய நிலத்தை 0.4 ஹெக்டருக்கு, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குக் குறைவாகப் பிரித்துத் தனிப்பட்டா பெற தேசிய நிலச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. எனவே வாங்குபவருக்குத் தனிப்பட்டா கிடைக்காது. பலர் ஒரே பட்டாவில் கூட்டு உரிமையாளர்களாக இருப்பார்கள், அல்லது சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்ட தாள் மட்டும் இருக்கும். ரொக்கமாகக் கேட்பதும், “பேங்க் லோன் வேண்டாம், மாதாமாதம் கட்டினால் போதும்” என்பதும் எச்சரிக்கை மணி. சேமநிதியை எடுத்துக்கொண்டு வரும் ஓய்வுபெற்ற தொழிலாளர்களே இதில் அதிகம் கவனமாக இருக்க வேண்டியவர்கள்.

எவ்வளவு கையில் வேண்டும்?

ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த 250,000 ரிங்கிட் வீட்டை, 90 விழுக்காட்டு வங்கிக் கடனுடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம்.

முன்பணம் 10 விழுக்காடு: 25,000 ரிங்கிட்.
பெயர் மாற்ற முத்திரை வரி: முதல் 100,000 ரிங்கிட்டுக்கு 1 விழுக்காடு, அடுத்து 500,000 வரை 2 விழுக்காடு. மொத்தம் 4,000 ரிங்கிட்.
கடன் ஒப்பந்த முத்திரை வரி, 225,000 ரிங்கிட்டுக்கு 0.5 விழுக்காடு: 1,125 ரிங்கிட்.
வழக்கறிஞர் கட்டணம், 1.25 விழுக்காடு வீதம்: விற்பனை ஒப்பந்தத்திற்கு 3,125 ரிங்கிட், கடன் ஒப்பந்தத்திற்கு 2,812.50 ரிங்கிட்.

இவை மட்டுமே 36,062.50 ரிங்கிட். சேவை வரி, மதிப்பீட்டாளர் கட்டணம், பதிவுச் செலவு ஆகியவை தனி. முதல் வீடு வாங்கும் மலேசியர்களுக்கு 500,000 ரிங்கிட் வரையிலான வீடுகளில் இரு முத்திரை வரிகளுக்கும் 2021 முதல் விலக்கு வழங்கப்பட்டு வந்துள்ளது. அது கிடைத்தால் இந்தக் கணக்கில் 5,125 ரிங்கிட் மிச்சம். விலக்குக்குக் காலவரையறை உண்டு என்பதால், கையெழுத்திடும் நாளில் நடப்பில் உள்ளதா என்று வழக்கறிஞரிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஊழியர் சேமநிதியில் செஜாத்ரா கணக்கிலிருந்து வீட்டுக்காகப் பணம் எடுக்கலாம். நிலையான சம்பளச் சீட்டு இல்லாத சிறு வியாபாரிகள், லோரி ஓட்டுநர்கள் போன்றோர் வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டமான எஸ்.ஜே.கே.பி. பற்றி வங்கியில் கேட்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தம் கடன் பதிவைச் சரிபார்த்துக்கொள்வது அவசியம். கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்திற்குப் பிறகு

கைமாறும் வீடுகளில், ஒப்பந்தம் முடிய வழக்கமாக மூன்று மாதமும், தாமதமானால் வட்டியுடன் மேலும் ஒரு மாதமும் தரப்படும். ஒப்பந்தம் கையெழுத்தானதும் வாங்குபவரின் வழக்கறிஞர் நிலத்தின் மீது தனியார் தடை பதிவு செய்வார். உரிமையாளர் அதே வீட்டை வேறொருவருக்கு விற்காமல் இருக்க இது காவல். செலவைக் குறைக்க இரு தரப்புக்கும் ஒரே வழக்கறிஞரை வைத்துக்கொள்வதைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

புதிய வீட்டை மேம்பாட்டாளரிடம் வாங்கினால், தரைவீட்டை ஒப்பந்த நாளிலிருந்து 24 மாதத்தில் ஒப்படைக்க வேண்டும். சாவி பெற்ற பின் 24 மாதத்திற்குள் தெரியும் குறைகளை மேம்பாட்டாளரே சரிசெய்ய வேண்டும். விரிசல், ஒழுகல் எதுவானாலும் படம் எடுத்து, எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ள வேண்டும்.

குடியேறிய பின் நிலவரி ஆண்டுக்கு ஒருமுறை நில அலுவலகத்துக்கும், மதிப்பீட்டு வரி ஆண்டுக்கு இருமுறை உலு சிலாங்கூர் நகராண்மைக் கழகத்துக்கும் செலுத்த வேண்டும். பழைய உரிமையாளரின் நிலுவை ஏதுமில்லை என்பதற்கான ரசீதுகளைச் சாவியுடன் சேர்த்தே வாங்கிவிட வேண்டும்.

வீட்டுப் பத்திரங்களின் நகலைக் கணவன், மனைவி, பிள்ளைகள் என அனைவரும் அறிந்த ஓரிடத்தில் வைப்பதும், யார் பெயரில் பதிவது என்பதைக் குடும்பமாகப் பேசி முடிப்பதும் பின்னாளில் வழக்கு வராமல் காக்கும். தோட்டத்து வீட்டில் மூன்று தலைமுறை வாழ்ந்தும் சொந்தம் என்று காட்ட ஒரு தாளும் இல்லாமல் வெளியேறிய குடும்பங்களுக்கு, பெயர் பதிந்த அந்தப் பட்டாவின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.