கட்டுச்சோறும் குளிர்பெட்டியும்

திருமலைக்கு 1944-இல் மோட்டார் சாலை திறக்கப்படும்வரை, யாத்திரிகர்களுள் பெரும்பாலோர் அலிபிரியிலிருந்து படியேறியே சென்றனர். நெடுவழி நடப்போருக்கு உற்ற துணை புளிச்சோறு. வெண்பொங்கல் விரைவில் ஊசிவிடும். புளிச்சோறோ மறுநாள்வரை தாங்கும். புளியின் அமிலம் கிருமிகளின் பெருக்கத்தைத் தடுக்கிறது. எண்ணெயில் நீர் வற்றக் காய்ச்சிய புளிக்காய்ச்சல் அதற்குத் துணை நிற்கிறது.

வீட்டில் மிஞ்சிய சோற்றுக்கு வேறு வழி இருந்தது. அதில் நீரூற்றி வைத்தால் இரவில் புளித்து அமிலமாகும். தமிழர் அதனைப் பழையது என்றனர். தெலுங்கர் சத்தன்னம் என்றனர். வட ஆர்க்காட்டின் தலைநகராயிருந்த சித்தூர், 1911-இல் தனி மாவட்டமாயிற்று. 1953-இல் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. எல்லைகள் மாறினும் இரு மொழியினர் வீட்டிலும் அந்தப் பானை மாறவில்லை.

குளிரால் உணவைக் காக்கும் முறை நம் நாட்டுக்குப் பிந்தி வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து 1833-இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் பனிக்கட்டி வந்தது. சென்னைக் கடற்கரையில் 1842-இல் ஐஸ் ஹவுஸ் எழுந்தது. அது செல்வர்க்கே எட்டிய பொருள். நடுத்தரக் குடும்பங்களின் சமையலறையில் குளிர்பெட்டி இடம்பெற மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

பெட்டி வந்ததும் பழைய எச்சரிக்கை நம்மை விட்டு நழுவியது. குளிர் கிருமியைக் கொல்வதில்லை. அதன் பெருக்கத்தை மந்தப்படுத்துகிறது, அவ்வளவே. அரிசியில் உள்ள பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள், உலையில் கொதித்த பின்னும் உயிரோடிருக்கும். புளிப்பேறாத வெறுஞ்சோறு வெப்பமான அறையில் நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்து நஞ்சைக் கக்கும். மீண்டும் சூடாக்கினாலும் அந்நஞ்சு அழியாது. "காய்ச்சினால் சரியாகிவிடும்" என்று நாம் நம்புவது இங்கேதான் பிழைக்கிறது.

ஆதலின் டில்லியிலோ மும்பையிலோ பெங்களூரிலோ வாழும் நாம் சில விதிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் பெட்டியில் வைத்தல் வேண்டும். பெரிய பாத்திரத்தின் நடுப்பகுதி எளிதில் ஆறாது. ஆகவே அகன்ற சிறு பாத்திரங்களில் பிரித்து ஆறவிட்டு மூடி வைத்தல் நன்று. பெட்டியின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். சோற்றை ஒரு நாளுக்குள், ஆவி பறக்க ஒரே முறை சூடாக்கி உண்டுவிடுதல் நலம். திருப்பதியிலிருந்து கொண்டுவரும் பிரசாதச் சோற்றுக்கும் காலக்கணக்கு உண்டு. வழியில் கழிந்த பொழுதைக் குளிர்பெட்டி திருப்பித் தராது.

எந்தச் சோறு எத்தனை பொழுது தாங்கும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். பெட்டி நம்மிடம் இருக்கிறது. அந்தக் கணக்கும் நம்மிடம் இருத்தல் வேண்டும்.