கோட் சூட் பீரோவில் தூங்குதா? ஒரே செட்டை பல விதமாக பெண்கள் அணிவது எப்படி?

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஒரு நாள். வேலையில் சேர்ந்த முதல் நாள் இன்னொரு தடவை. அதோடு சரி. ஆசைப்பட்டு வாங்கிய பிளேசரும் பேன்ட்டும் பல பெண்களின் பீரோவில் கவரைக்கூட பிரிக்காமல் தொங்கிக்கொண்டிருக்கும். பட்டுப்புடவை என்றால் வருஷத்துக்கு நாலு கல்யாணத்துக்காவது கட்டலாம், இதை எங்கே போட்டுட்டுப் போறது என்பதுதான் பலரும் கேட்கும் கேள்வி.

செட்டாக வாங்கியதை செட்டாகவே போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பிளேசர் தனி உடை, பேன்ட் தனி உடை. ஒரு கருப்பு பிளவுஸை பத்துப் புடவைக்குப் போடும் நம்ம ஊர் பெண்களுக்கு இது ஒன்றும் புது வித்தை இல்லை. ஆனால் எல்லா சூட்டையும் இப்படிப் பிரித்துப் போட முடியாது. அது வாங்கும் அன்றே முடிவாகிவிடும் விஷயம்.

செபரேட்ஸ் என்றால் என்ன?

கடைகளில் சூட் இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று, பிளேசரும் பேன்ட்டும் சேர்த்து ஒரே விலை, ஒரே சைஸ். இன்னொன்று, ஒரே துணியில் தைத்த பிளேசர், பேன்ட், ஸ்கர்ட், வெயிஸ்ட்கோட் எல்லாவற்றையும் தனித்தனி விலையில், தனித்தனி சைஸில் விற்பது. இதைத்தான் செபரேட்ஸ் என்கிறார்கள்.

இதில் பெரிய லாபம் சைஸ்தான். பலருக்கு மேல் உடம்புக்கு மீடியம் சரியாக இருக்கும், இடுப்புக்கு லார்ஜ் தேவைப்படும். செட்டாக வாங்கினால் ஏதாவது ஒன்றை ஆல்டர் பண்ணியே ஆக வேண்டும். தனித்தனியாக வாங்கினால் அந்தப் பிரச்னை இல்லை.

ஒரு எச்சரிக்கை. பிளேசரை இந்த மாதம் வாங்கலாம், பேன்ட்டை போனஸ் வந்ததும் வாங்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஒரே கலர் பெயர் போட்டிருந்தாலும், வேறு தடவை சாயம் போட்ட துணியில் நிறம் லேசாக மாறும். கடை லைட்டில் தெரியாது, வெயிலில் பளிச்சென்று தெரியும். இரண்டையும் ஒன்றாக வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்துவிட்டு பில் போடுங்கள்.

பெண்களின் சூட்டுக்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. 1966-ல் பாரிஸில் இவ் சான் லோரான், ஆண்களின் விருந்து உடையைப் பெண்களுக்காக மாற்றி ‘லெ ஸ்மோக்கிங்’ என்று அறிமுகப்படுத்தினார். 1985-ல் நியூயார்க்கில் டோனா கரன், ஏழே உடைகளை மாற்றி மாற்றிப் போட்டு வேலைக்குப் போகும் பெண் சமாளிக்கலாம் என்று ஒரு கலெக்‌ஷனை வெளியிட்டார். இன்று ‘மிக்ஸ் அண்ட் மேட்ச்’ என்று சொல்வதற்குப் பலரும் காட்டும் முன்மாதிரி அது. அமெரிக்க செனட் அவைக்குள் பெண் உறுப்பினர்கள் பேன்ட் போட்டு வருவது 1993-ல்தான் ஏற்கப்பட்டது என்பது கொசுறு தகவல்.

எந்த செட்டைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கக் கூடாது?

பளபளக்கும் துணி, மெல்லிய நீளக் கோடு போட்ட துணி. இந்த இரண்டையும் பிரித்துப் போட்டால், சூட்டின் பாதியைத் தொலைத்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். இவற்றை முழு செட்டாக மட்டுமே போட முடியும். பளபளப்பு இல்லாத, கையால் தடவினால் லேசாக நெசவு தெரியும் துணிதான் பிரித்துப் போட ஏற்றது. லினன், கனமான காட்டன், சொரசொரப்பான சூட்டிங் துணி எல்லாம் இந்த வகை.

அடுத்து கலர். முதல் சூட் என்றாலே பெரும்பாலும் கருப்பைத்தான் எடுக்கிறார்கள். உண்மையில் பிரித்துப் போடுவதற்குக் கஷ்டமான கலர் கருப்புதான். தூசியும் நூலும் உடனே தெரியும், துவைக்கத் துவைக்க வெளுக்கும். எல்லாவற்றையும் விட, ஒரு கருப்பு இன்னொரு கருப்போடு சேராது. வெளுத்த கருப்பு பேன்ட்டின் மேல் புது கருப்பு பிளேசர் போட்டால் இரண்டுமே பழசாகத் தெரியும்.

நேவி ப்ளூ, அடர் சாம்பல், பீஜ், ஆலிவ் பச்சை ஆகியவை இந்த விஷயத்தில் நல்ல சாய்ஸ். நம்ம ஊர் நிறத்துக்கு ஒயின் கலரும் எடுப்பாக இருக்கும். பிரித்துப் போடும்போது ஒரு விதியை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: ஒன்று, அப்படியே மேட்ச் ஆக வேண்டும். இல்லையென்றால் வித்தியாசம் தெளிவாகத் தெரிய வேண்டும். ‘கிட்டத்தட்ட மேட்ச்’தான் மோசம். நேவி பிளேசருக்கு அடர் நீல ஜீன்ஸ் போட்டால் மேட்ச் பண்ண முயற்சி செய்து தோற்ற மாதிரி இருக்கும். அதே பிளேசருக்கு வெளிர் நீல ஜீன்ஸ் பக்காவாக செட் ஆகும்.

24 காம்பினேஷன்: கணக்கு சரியா?

ஒரு பிளேசர், அதே துணியில் ஒரு பேன்ட். ஏற்கெனவே வீட்டில் ஒரு ஜீன்ஸ், ஒரு கிரீம் கலர் பேன்ட் இருக்கிறது. மேலே போட நாலு டாப். மூன்று பேன்ட்டை நாலு டாப்போடு பெருக்கினால் 12. பிளேசரோடும் பிளேசர் இல்லாமலும் என்றால் 24.

பேப்பரில்தான் இது 24. சில டாப் சில பேன்ட்டுக்கு ஒத்துவராது, சில காம்பினேஷன் ஆபீஸுக்கு சரிப்படாது. பத்து தேறினாலே காசுக்கு மோசமில்லை. நாலு டாப்பில் ஒன்று வெள்ளை சட்டை, ஒன்று பிளேசரின் கலரிலேயே இருக்கும் பிளைன் டாப் என்று வைத்துக்கொண்டால் எண்ணிக்கை இன்னும் கூடும்.

பிளேசரை எதோடு போடலாம்?

ஜீன்ஸ் எல்லோருக்கும் தெரிந்தது. குர்த்தாவோடு போடும்போதுதான் சறுக்கும். முழங்கால் வரை வரும் குர்த்தாவின் மேல் இடுப்பளவு பிளேசர் போட்டால் உயரம் குறைவாகத் தெரியும். குர்த்தா இடுப்புக்குக் கொஞ்சம் கீழே முடிவதாக இருந்தால் நல்லது. நீளமான குர்த்தாதான் இருக்கிறது என்றால், அதற்குக் கை இல்லாத வெயிஸ்ட்கோட் நன்றாகப் பொருந்தும்.

புடவையோடும் போடலாம். மடிப்பை ஒல்லியாக எடுத்து முந்தானையை பின் பண்ணி, அதன் மேல் பிளேசரைப் போட வேண்டும். முந்தானையின் மிச்சம் பின்பக்கம் பிளேசருக்குக் கீழே வரட்டும். மொடமொடவென்று கஞ்சி போட்ட காட்டன் இதற்கு ஆகாது, உள்ளே உப்பிக்கொண்டு நிற்கும். ஷிஃபான், லினன் மாதிரி விழும் புடவைகள் சரி.

செட்டில் வந்த பேன்ட், சுருக்கமாகச் சொன்னால், எல்லாவற்றோடும் போகும். டக்-இன் செய்த சட்டை, குட்டை குர்த்தா, கை இல்லாத டாப், எது வேண்டுமானாலும். அதனாலேயே பிளேசருக்கு முன்னால் பேன்ட் தேய்ந்துவிடும். ஒரு கோட்டுக்கு இரண்டு பேன்ட் தைத்துக்கொள்வது ஆண்கள் சூட்டில் பழைய வழக்கம். பட்ஜெட் இருந்தால் அதே துணியில் இரண்டாவது பேன்ட்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள், அடுத்த சீசனில் அதே துணி கிடைக்கும் என்பதற்கு கேரண்டி இல்லை.

சென்னை வெயிலுக்கு தாங்குமா?

துணியை மட்டும் பார்த்தால் போதாது, உள்ளே இருக்கும் லைனிங்கைப் பாருங்கள். வெளியே லினன், உள்ளே முழுக்க பாலியஸ்டர் லைனிங் என்றால் வேர்த்துக் கொட்டும். முதுகில் பாதி வரை மட்டும் லைனிங் இருக்கும் பிளேசர், அல்லது விஸ்கோஸ் லைனிங் உள்ளது பரவாயில்லை. லினன் கசங்கும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். கசங்கவே கூடாது என்பவர்களுக்கு பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்த சூட்டிங் துணி விலையும் குறைவு, பராமரிப்பும் சுலபம்.

டூவீலரில் போகிறவர்கள் பிளேசரைப் போட்டுக்கொண்டு ஓட்ட வேண்டாம். முழங்கை மடிப்பு நிரந்தரமாக விழும். ஒரு தோளை மட்டும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, இன்னொரு தோளை அதற்குள் நுழைத்து, இரண்டாக மடித்து பையில் வையுங்கள். லைனிங் வெளியே இருக்கும், துணி கசங்குவது குறையும்.

டெய்லரால் முடியாதது எது?

தோள். இடுப்பைப் பிடிக்கலாம், கை நீளத்தைக் குறைக்கலாம், பேன்ட் உயரத்தை மடித்துத் தைக்கலாம். தோள் தையல் வெளியே தொங்கினால் அதைச் சரிசெய்வது பெரிய வேலை, பணமும் அதிகம். அதனால் தோளுக்கு சரியாக உட்காரும் சைஸை எடுத்துவிட்டு, மற்றதை டெய்லரிடம் விடுங்கள்.

புது பிளேசரின் பின்பக்கப் பிளவில் பெருக்கல் குறி மாதிரி ஒரு தையல் இருக்கும். கையில் பிராண்ட் துணி ஒட்டித் தைத்திருப்பார்கள். இரண்டையும் பிரித்து எடுத்துவிட வேண்டும். பலர் அதை டிசைன் என்று நினைத்து அப்படியே போட்டுக்கொண்டு போகிறார்கள்!

பிரித்துப் போடலாம், பிரித்துத் துவைக்கக் கூடாது

பேன்ட்டை வாரம் இரண்டு தடவை போடுவீர்கள், பிளேசரை மாதம் இரண்டு தடவை. பேன்ட்டை மட்டும் துவைத்துக்கொண்டே இருந்தால், ஆறு மாதத்தில் இரண்டும் இரண்டு கலராகிவிடும். அதன் பிறகு அது செட் இல்லை. ஒன்று அழுக்காக இருந்தாலும் இரண்டையும் சேர்த்தே டிரைகிளீனிங் கொடுங்கள்.

எது கொடுக்க வேண்டும், எது வீட்டில் துவைக்கலாம் என்பது உள்ளே இருக்கும் லேபிளில் படமாக இருக்கும். வெறும் வட்டம் என்றால் டிரைகிளீனிங். தண்ணீர்த் தொட்டி மாதிரி படம் என்றால் துவைக்கலாம், அதன் மேல் பெருக்கல் குறி இருந்தால் துவைக்கக் கூடாது. ஒவ்வொரு தடவை போட்ட பிறகும் துவைக்கத் தேவையில்லை. ஒரு இரவு காற்றோட்டமாக அகலமான ஹேங்கரில் தொங்கவிட்டு, பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும்.

மழைக்காலத்தில் டிரைகிளீனிங் கடை போட்டுத் தந்த பிளாஸ்டிக் கவரோடு பீரோவில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். கவரைக் கழற்றிவிட்டு பழைய காட்டன் துணியால் மூடி வையுங்கள். பிளேசரோடு சின்ன கவரில் வரும் எக்ஸ்ட்ரா பட்டனைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு பட்டன் தொலைந்தால் அதே மாதிரி கடையில் கிடைப்பது கஷ்டம், எல்லா பட்டனையும் மாற்ற வேண்டியிருக்கும்.