மணவுரிமை பெறாத மனைவியர்: உரோமச் சட்டமும் பண்டைத் திருச்சபையும்

கி.பி. 400ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுத் தொலேதோ நகரில் கூடிய ஆயர் சங்கம் இருபது விதிகளை வகுத்தது. அவற்றுள் பதினேழாம் விதியை இன்று வாசிக்கும் போதகர் எவரும் சற்றே திகைப்பர். மனைவி இருக்க வேறொரு பெண்ணையும் வைத்திருப்பவனுக்குத் திருவிருந்து மறுக்கப்பட வேண்டும் என்று அவ்விதி கூறுகிறது; இது நாம் எதிர்பார்ப்பதே. ஆனால் மனைவியின்றி, மனைவியின் இடத்தில் ஒரு துணைவியோடு மட்டும் வாழ்பவனைத் திருவிருந்தினின்று விலக்கலாகாது என்றும், மனைவியாயினும் துணைவியாயினும் ஒருத்தியோடு அவன் நிறைவு காண வேண்டும் என்றும் அது தொடர்கிறது. ஏறத்தாழ 1140இல் கிராத்தியன் தொகுத்த திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் இவ்விதி இடம் பெற்றது.

ஒழுக்கத் தளர்ச்சி என்று இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் அந்த ஆயர்கள் தளர்ந்தவர்கள் அல்லர். பிழை செய்யும் மனைவியரை வீட்டிற்குள் கட்டி வைக்கவும் உண்ணாநோன்பு இருக்கச் செய்யவும் குருமாருக்கு அதிகாரம் கொடுத்ததும் இதே சங்கந்தான். இத்துணைக் கடுமையுடையோர் மணமில்லாத் துணைவியோடு வாழ்பவன் திறத்தில் நெகிழ்ந்தமைக்குக் காரணம் வேறிடத்தில் உள்ளது. அதனை அறிய உரோமச் சட்டத்திற்குள் நுழைந்தாக வேண்டும்.

உரோமர்க்குத் திருமணம் ஒரு சடங்கன்று, ஒரு பதிவுமன்று. சட்டத் தகுதியுடைய இருவர் கணவனும் மனைவியுமாய் வாழ இசைந்து, அவ்வண்ணமே வாழத் தொடங்கினால் அது திருமணம். உடலுறவு அன்று, இசைவே மணத்தை ஆக்குகிறது என்பது உல்பியன் முதலிய சட்ட அறிஞரின் கொள்கை. விருந்து, ஊர்வலம், சீதனப் பத்திரம் ஆகியன வழக்கில் இருந்தனவாயினும் அவை சான்றுகளேயன்றி மணத்தின் உயிர்நிலை அல்ல. எனவே ஒரே வீட்டில் பல்லாண்டு வாழும் இருவர் மணமானவரா அல்லரா என்பதை அவர்தம் வாழ்க்கையைப் பார்த்து அறிய இயலாது. அதனை முடிவு செய்தது பெரும்பாலும் பெண்ணின் பிறப்பே.

பேரரசர் அகுஸ்து கி.மு. 18இலும் கி.பி. 9இலும் பிறப்பித்த மணச் சட்டங்கள் இதனை உறுதிப்படுத்தின. செனட் உறுப்பினரும் அவர் வழித்தோன்றல்களும் விடுதலை பெற்ற அடிமைப் பெண்களையோ நாடக மகளிரையோ மணக்கலாகாது. மாநில ஆளுநன் தன் ஆட்சிக்குட்பட்ட மாநிலத்துப் பெண்ணை மணக்கலாகாது. ஆனால் அவளையே மணமின்றித் துணைவியாய் வைத்துக் கொள்ளத் தடையில்லை! படைவீரர்க்கு இரண்டாம் நூற்றாண்டின் இறுதி வரை சட்டப்படி மணமே இல்லை. அடிமைகளுக்கு அத்தகுதி ஒருபோதும் இருந்ததில்லை. தன் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவளை மனைவியாக்குவதைவிடத் துணைவியாய் வைத்திருத்தலே தலைவனுக்குக் கண்ணியம் என்று உல்பியன் எழுதுகிறார். பேரரசர் வெஸ்பாசியன் தம் மனைவி இறந்தபின் விடுதலை பெற்ற பெண்ணாகிய கெனீசுடன் வாழ்ந்தார்; அதனை எவரும் இழிவாகக் கருதவில்லை.

இந்நிலையிலுள்ள பெண்ணை இலத்தீனில் ‘கொன்குபினா’ என்றனர். நம் திருமறை மொழிபெயர்ப்பில் உள்ள ‘மறுமனையாட்டி’ என்ற சொல் இவ்விடத்துக்குப் பொருந்தாது. ‘மறு’ என்றவுடன் முதல் மனைவி ஒருத்தி நம் மனத்தில் தோன்றிவிடுகிறாள். உரோமச் சட்டத்தின் கொன்குபினா மனைவிக்கு மேலதிகமாக வந்தவள் அல்லள். மனைவி இருக்க வேண்டிய இடத்தில் தனியே இருந்தவள். எனவே ‘துணைவி’ என்றே இக்கட்டுரையில் குறிப்போம்.

அவளுடைய சொத்துரிமை என்ன? மனைவி மணமுறிவு பெற்றால் தன் சீதனத்தை மீட்க வழக்குத் தொடரலாம். துணைவிக்குச் சீதனமே கிடையாது. ஆகவே மீட்பதற்கும் ஒன்றுமில்லை. அவளுடைய பிள்ளைகள் தாயின் நிலையைப் பெற்றனர். தந்தை உயில் எழுதாமல் இறந்தால் அவர்களுக்கு ஒரு காசும் சேராது. 178ஆம் ஆண்டில் செனட் இயற்றிய தீர்மானத்தால் தாயின் சொத்து அவர்களுக்கு உரியதாயிற்று. ஆனால் பெரும்பாலும் தாயிடம் என்ன இருந்தது? ஒரு வியப்பு மட்டும் உண்டு. கணவன் மனைவிக்குக் கொடுக்கும் நன்கொடை உரோமச் சட்டத்தில் செல்லாது. துணைவிக்குக் கொடுத்ததோ செல்லும். பிற்பாடு அவளையே மணந்தாலும் அதனைத் திரும்பப் பெற முடியாது என்று பப்பினியன் தீர்ப்புரைத்தார். உயில் எழுதும் உரிமையும் தடையின்றி இருந்தது. ஆகவே, ஆணின் நல்லெண்ணம் உள்ளவரை அவளுக்கு வாழ்வுண்டு; சட்டத்தால் அன்று.

மூன்றாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் மொடெஸ்தீனு கூறிய ஒரு கருத்தையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். அடிமையல்லாத பெண்ணோடு ஒருவன் வாழ்ந்துவந்தால், அவள் உடலை விற்றுப் பிழைப்பவளாய் இராத பட்சத்தில், அதனை மணம் என்றே கொள்ள வேண்டும் என்றார் அவர். இவ்வெண்ணம் நெடுந்தொலைவு பயணம் செய்தது. உரோம-டச்சுச் சட்டம் வழங்கிய இலங்கையிலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில், நெடுங்காலம் கணவன் மனைவியாய் வாழ்ந்தோரை மணமானவர் என்றே சட்டம் ஊகிக்கும், மறுப்பவரே அதற்கு மாறாக மெய்ப்பிக்க வேண்டும் என்று 1927இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. இந்திய உச்ச நீதிமன்றமும் அதனைத் தன் தீர்ப்புகளில் எடுத்தாண்டுள்ளது.

திருச்சபை இவ்வுலகில் பிறந்தது. அதன் உறுப்பினருள் அடிமைகளும் விடுதலை பெற்றோரும் திரளாயிருந்தனர். சட்டம் ‘மணம்’ என்று ஒப்பாத குடும்பங்கள் அதன் வழிபாட்டில் நாள்தோறும் கூடின. ஹிப்போலித்துவின் பெயரால் வழங்கும் ‘திருத்தூதர் மரபு’ என்னும் நூல் ஞானஸ்நானத்திற்கு வருவோரை ஆராயுமிடத்து, ஒருவனுடைய அடிமையாகிய துணைவி தன் பிள்ளைகளை வளர்த்து, அவன் ஒருவனையே சார்ந்திருப்பாளாயின் அவளை ஏற்கலாம் என்கிறது. அவனையோ, சட்டப்படி மணந்துகொள். இல்லையேல் விலகு என்கிறது. பொறுப்பைத் தட்டிக்கழிக்க இயலாதவள் ஏற்கப்படுகிறாள். இயன்றும் ஏற்காதவன் தடுக்கப்படுகிறான். இந்நுணுக்கம் பின்வந்த பல விதிகளில் காணப்படவில்லை என்பது என் கருத்து. ஹிப்போலித்துவின் எதிரியும் 217 முதல் 222 வரை உரோமையின் ஆயருமாயிருந்த கலிஸ்து இன்னும் ஒருபடி மேலே சென்றார். உயர்குலப் பெண்கள் அடிமையையோ ஏழையையோ துணைவனாய்க் கொண்டால், அரசு ஒப்பாவிடினும் சபை அதனை மணமாக ஏற்கும் என்று இடங்கொடுத்தார். நாம் இதனை அறிவது ஹிப்போலித்துவின் வசை வழியேதான். அடிமையாய் இருந்து உயர்ந்தவர் கலிஸ்து என்பதையும் அவ்வசையே நமக்குக் கூறுகிறது.

அரசு கிறிஸ்தவமாகிய பின்னர் இவர்கள் நிலை மேம்பட்டிருக்கும் என்று எண்ணுவோம். நடந்தது வேறு. மனைவியுள்ளவன் துணைவியை வைத்திருத்தலாகாது என்று கான்ஸ்டன்டைன் 326இல் தடுத்தது நன்றே. ஆனால் 336ஆம் ஆண்டுச் சட்டம், அடிமைப் பெண், விடுதலை பெற்றவள், நாடக மகள், சத்திரக்காரி ஆகியோரிடம் பிறந்த பிள்ளைகளைச் சொந்தப் பிள்ளைகளாக நடத்த முயலும் உயர் நிலையோர்க்கு மதிப்பிழப்பைத் தண்டனையாக விதித்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் அவர் கொடுத்தவை பறிக்கப்பட்டு, முறைப்படி பிறந்த மக்கட்கோ உடன்பிறந்தார்க்கோ பெற்றோர்க்கோ சேர வேண்டும். அவர்கள் வாளாவிருந்தால் கருவூலம் எடுத்துக்கொள்ளும். பப்பினியன் காலத்தில் அவளுக்கு இருந்த ஒரே பிடிமானமாகிய நன்கொடையும் இவ்வாறு உயர் நிலையோர் வீடுகளில் போயிற்று. கான்ஸ்டன்டைனின் தாய் ஹெலெனாவைச் சத்திரப் பணிப்பெண் என்று அம்புரோஸ் கூறுகிறார். கான்ஸ்டன்டைன் துணைவியிடம் பிறந்தவர் என்றே ஜெரோம் தம் காலக்கணக்கில் எழுதுகிறார்.

371இல் முதலாம் வலந்தினியன் இதனைச் சற்றுத் தளர்த்தி, முறைப்படியான மக்களோ பெற்றோரோ இருப்பின் பன்னிரண்டில் ஒரு பங்கையும், எவரும் இல்லையெனில் நான்கில் ஒரு பங்கையும் துணைவிக்கும் அவள் மக்கட்கும் கொடுக்கலாம் என்றார். அந்தியோக்கியாவின் பேச்சுக்கலை ஆசான் லிபானியு, அடிமைக் குலத்துத் துணைவியிடம் தமக்குப் பிறந்த ஒரே மகனுக்குச் சொத்துச் சேர வேண்டும் என்று நெடுங்காலம் முயன்றது இச்சட்டங்களின் சூழலில்தான். அவர் கிறிஸ்தவர் அல்லர். தந்தையின் தவிப்புக்கு அது தேவையுமன்று.

இச்சட்டங்களின் நிழலில் வாழ்ந்த இணைகளுள் நாம் நன்கறிந்த இணை ஒன்று உண்டு. கார்த்தேஜ் நகரில் மாணவனாயிருந்த அகுஸ்தீன் ஒரு பெண்ணோடு வாழத் தொடங்கினார். ஏறத்தாழ 372இல் அதெயோதாத்து பிறந்தான். பதினைந்து ஆண்டளவு அவளுக்கு உண்மையாயிருந்ததாக அகுஸ்தீனே சொல்கிறார். மிலான் நகரில் பதவி உயர்வு கண்முன் நின்றபோது, தாய் மோனிக்கா செல்வக் குடும்பத்துப் பெண்ணொருத்தியை மகனுக்கு உறுதி செய்தார். அச்சிறுமி மணவயதை எட்ட இன்னும் இரண்டாண்டுகள் இருந்தன. துணைவி ஆப்பிரிக்காவிற்கு அனுப்பப்பட்டாள். இனி எந்த ஆணையும் அறிவதில்லை என்று கடவுளுக்கு நேர்ந்துகொண்டு, மகனைத் தந்தையிடம் விட்டுச் சென்றாள். சட்டத்தின் கண்ணில் அங்கே மணமுறிவு நிகழவில்லை. திருப்பித்தர வேண்டிய சீதனமுமில்லை. அகுஸ்தீனோ, இரண்டாண்டு காத்திருக்கப் பொறாமல் வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். தம் நெஞ்சு கிழிந்து குருதி வடிந்ததாக எழுதியவர் அவள் பெயரை எழுதவில்லை. அவள் தாழ்ந்த நிலையினள் என்றும், அதனால் மணம் முடிக்கத் தடையிருந்தது என்றும் அறிஞர் பலர் கருதுகின்றனர்.

ஆயராகிய பின் அகுஸ்தீன் 401ஆம் ஆண்டளவில் எழுதிய ‘திருமணத்தின் நன்மை’ என்னும் நூலை இப்பின்னணியில் வாசிக்க வேண்டும். மணமாகாத இருவர், சாகும்வரை ஒருவர்க்கொருவர் உண்மையாயிருப்பதென்று இசைந்து, பிள்ளைப்பேற்றைத் தவிர்க்காமல் வாழ்ந்தால், அதனை மணம் என்றழைப்பது தவறாகாது போலும் என்கிறார். அடுத்து, தன் பதவிக்கும் செல்வத்துக்கும் ஏற்ற வேறொருத்தி கிடைக்கும்வரை ஒரு பெண்ணை வைத்திருப்பவன் உள்ளத்தில் விபசாரன் என்கிறார். அவ்விபசாரம், தான் தேடும் புதியவளுக்கு எதிரானதன்று. கூட வாழ்ந்தவளுக்கு எதிரானது. அவளோ அவனுக்கு உண்மையாயிருந்து, அவன் மணந்தபின் வேறொருவனை நாடாதிருப்பாளாயின் அவளை விபசாரி என்று எளிதில் சொல்லத் துணியேன் என்கிறார். 413ஆம் ஆண்டளவில் எழுதிய ‘விசுவாசமும் கிரியைகளும்’ என்னும் நூலில், கைவிடப்பட்டாலும் வேறெவனையும் அறியேன் என்று உறுதி கூறும் துணைவியை ஞானஸ்நானத்திற்கு ஏற்பதா மறுப்பதா என்ற வினாவை எழுப்பி, மறுக்கத் தயங்குகிறார். மிலானிலிருந்து கப்பலேறியவளை நினையாமல் அவ்வரிகளை அவர் எழுதியிருக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

ஆனால் மேற்குத் திருச்சபையின் போக்கை வகுத்தது இத்தயக்கமன்று. நார்போன் ஆயர் ருஸ்திக்குவுக்கு 458 அல்லது 459இல் விடையெழுதிய உரோமை ஆயர் முதலாம் லியோ, ஆணோடு சேர்ந்த பெண்ணெல்லாம் மனைவியல்லள். தந்தைக்குப் பிறந்த மகனெல்லாம் உரிமையாளனும் அல்லன் என்றார். விடுதலையும் சீதனமும் ஊரறிந்த மணமும் பெறாத துணைவியை நீக்கி நற்குலப் பெண்ணை மணப்பவன் இருமணம் புரிந்தவன் அல்லன். அவன் ஒழுக்கத்தில் முன்னேறியவன் என்பது அவர் முடிவு. அகுஸ்தீன் எதனை விபசாரம் என்றாரோ, அதனை லியோ முன்னேற்றம் என்கிறார்! உரோமக் குலப்பாகுபாடு இவ்விடத்தில் திருச்சபைச் சட்டத்தின் உடை அணிந்து வருகிறது. ஆர்ல் நகர ஆயர் செசாரியு (502-542), மணத்திற்கு முன் துணைவியரை வைத்திருக்கும் இளைஞரைக் கடிந்து பேசினார். ஆயினும் இக்குற்றம் செய்வோர் மிகப் பலராகையால் அனைவரையும் சபைக்குப் புறம்பாக்க இயலவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

சொத்துரிமையை மீட்டுக் கொடுத்தவர் கிழக்கில் ஆண்ட ஜஸ்டினியன். அவர் மனைவி தெயோதோரா முன்னாள் நாடக மகள். அவளை மணப்பதற்கே சட்டத்தை மாற்ற வேண்டியிருந்தது. 536, 539ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி, முறைப்படியான மனைவி மக்களின்றி ஒருவன் உயில் எழுதாமல் இறந்தால், அவன் வீட்டில் தனித் துணைவியாய் வாழ்ந்தவளும் அவள் மக்களும் சொத்தில் ஆறில் ஒரு பங்கைப் பெற்றனர். பிள்ளைகளுள் ஒருவர் போலத் தாயும் அதில் சமபங்கு பெறுவாள். முறைப்படியான மக்கள் இருந்தாலும், துணைவியின் பிள்ளைகளுக்குப் பிழைப்பூதியம் தரப்பட வேண்டும்.

538ஆம் ஆண்டுச் சட்டம் நமக்கு இன்னும் நெருக்கமானது. பெண்கள் இடைவிடாது முறையிட்டு வருகிறார்கள் என்று பேரரசர் அதில் கூறுகிறார். மறைநூலைத் தொட்டோ வழிபாட்டிடத்திலோ ‘இவள் என் மனைவி’ என்று ஆணையிட்டு வீட்டிற்கு அழைத்துச் சென்றவன், பிள்ளைகளும் பிறந்தபின், ஆசை தீர்ந்ததும் அவளை வெளியே தள்ளுகிறான். பத்திரம் எங்கே என்கிறான். அத்தகையவள் ஆணையை மெய்ப்பித்தால் அவளே சட்டப்படி மனைவி. சீதனமின்றி வந்தவளைத் தள்ளிவிட்டால் தன் சொத்தில் நான்கில் ஒரு பங்கை அவன் கொடுத்தாக வேண்டும். நடுத்தர நிலையினர் சீதனப் பத்திரம் எழுதாவிடின், ஒரு கோவிலுக்குச் சென்று சபையின் சட்டக் காவலரிடம் அறிவிக்க, மூன்று நான்கு குருமார் முன்னிலையில் ஆண்டும் மாதமும் நாளும் குறித்து எழுதி வைக்க வேண்டும் என்றும் அச்சட்டம் பணித்தது. திருமணப் பதிவேடு கோவிலுக்குள் வந்த தொடக்கங்களுள் இது ஒன்று. கைவிடப்பட்ட பெண்ணின் கையில் ஒரு சான்று இருக்க வேண்டும் என்பதே இங்கு அதன் நோக்கம். ஏழைகளும் உழவரும் படைவீரரும் இவ்வேட்டினின்று விலக்குப் பெற்றனர். 542இல் உயர் நிலையோர் தவிர ஏனையோர்க்கு இவ்விதியே நீக்கப்பட்டு, இசைவே போதும் என்றாயிற்று. நம் நாட்டில் 2005இல் இயற்றப்பட்ட குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், மணத்தின் தன்மையுடைய உறவில் வாழும் பெண்ணுக்கு வீட்டில் தங்கும் உரிமையும் பொருளுதவியும் அளிக்கிறது. மரபுரிமைப் பங்கு அதில் இல்லை. அவ்வகையில் ஜஸ்டினியன் நம்மினும் ஓரடி முன்சென்றவரே.

கிழக்கில் இக்கதை முடிந்த விதம் விந்தையானது. 886 முதல் 912 வரை ஆண்ட ஆறாம் லியோ, திருச்சபையின் ஆசியில்லாத மணம் மணமன்று என்று சட்டம் செய்தார். துணைவி என்ற நிலையையே சட்டத்தினின்று நீக்கினார். மூன்றாம் மணம் செய்வோரையும் கண்டித்தார். அவருக்கோ மூன்று மனைவியர் ஒருவர்பின் ஒருவராய் இறந்தனர். ஆண் வாரிசு தங்கவில்லை. பின்னர் சோயி என்ற பெண் மணமின்றி அவருடன் வாழ்ந்து, 905இல் ஒரு மகனைப் பெற்றாள். அவளை அரண்மனையினின்று நீக்க வேண்டும் என்ற நிபந்தனையின்பேரில் மறைமுதல்வர் நிக்கோலா 906 ஜனவரி 6ஆம் நாள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். மூன்றாம் நாள் அவள் திரும்ப அழைத்துவரப்பட்டாள். விரைவில் மணமும் நடந்தது. அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்பு நாளில் பேரரசரைக் கோவில் வாயிலில் தடுத்து நிறுத்திய நிக்கோலா 907இல் பதவி இழந்தார். 920இல் கூடிய சங்கம் நான்காம் மணத்தை முற்றிலும் தடை செய்தது; ஆனால் அம்மகனுடைய அரசுரிமையை அது தொடவில்லை. அவனே ஏழாம் கான்ஸ்டன்டைன். அரசியர் பிள்ளை பெறும் ஊதா அறையில் பிறந்தவன் என்பதையே தன் சிறப்புப் பெயராக அவன் வாழ்நாள் முழுதும் தாங்கியிருந்தான்.