அணுவும் கணக்கேடும்

1953-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபையில் ஐசனோவர் விடுத்த அழைப்பின் பயனாக, 1957-இல் சர்வதேச அணுசக்தி முகமை பிறந்தது. வியன்னா நகரிலுள்ள அதன் தலைமையகத்தில், விஞ்ஞானியின் கருவிக்கு நிகரானது எழுத்தரின் கோப்பு என்பேன். நாடுகள் அனுப்பும் யுரேனிய, புளூட்டோனியக் கணக்குகள் அங்கே ஒழுங்குபெற்றால்தான், ஆய்வாளர் நேரில் சென்று இருப்பை ஒத்துப்பார்க்க இயலும்.

ஆனால் ஏட்டில் ஏறாததை எவ்வாறு அறிவது? 1991 செப்டம்பரில் பாக்தாதில், கைப்பற்றிய ஆவணங்களைத் திருப்பித்தர மறுத்த ஆய்வாளர்கள் வாகன நிறுத்துமிடத்தில் நான்கு நாட்கள் தடுத்துவைக்கப்பட்டனர். ஈராக் மறைத்த அணு ஆயுத முயற்சிக்கு அத்தாள்களே சான்றாயின. அப்படிப்பினையால் 1997-இல் கூடுதல் உடன்படிக்கை வகுக்கப்பட்டு, ஆய்வாளரின் அதிகாரம் விரிந்தது.

அணுவைக் காப்பதில் தாளைக் காப்போர்க்கும் பங்குண்டு. எழுத்தர் பணியை எளிதென இகழற்க.