கணக்கில் வராத ஓட்டங்கள்

ஆய்வகத்தில் ஒரு கம்பியின் நீளத்தை அளக்கும்போது, எதை அளக்கிறோம் என்பதில் நமக்கு ஐயம் எழுவதில்லை. மனிதனின் திறமையை அளக்கப் புகும்போது நிலைமை வேறு. 'இந்த எண் எதைக் கணக்கிடுகிறது, எதை விட்டுவிடுகிறது?' என்று முதலில் கேட்டாக வேண்டும். இந்த வினாவுக்கு விடை காண அமெரிக்காவின் பேஸ்பால் உலகம் நூறு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

பேஸ்பால் ஆட்டத்தை முதலில் சுருக்கமாகப் பார்ப்போம். சதுரத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு தளங்கள் உண்டு. பந்தை அடித்தவர் முதல் தளத்துக்கு ஓடி, பிறகு மற்ற தளங்களைக் கடந்து, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பினால் ஓர் ஓட்டம். ஓர் இன்னிங்சுக்கு 3 அவுட். 9 இன்னிங்சுக்கு 27 அவுட். தளங்களுக்கு அப்பால், பரந்த புல்வெளியில் நின்று உயரப் பந்துகளைப் பிடிக்கும் மூவரே வெளிக்கள ஆட்டக்காரர்கள். அவர்களுள் ஒருவரை விலைக்கு வாங்க விரும்பும் குழு, அவருடைய மதிப்பை எவ்வாறு அறியும்?

சாட்விக்கின் சராசரி

ஹென்றி சாட்விக் என்பவர் 1837-இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குச் சிறுவனாகச் சென்றவர். கிரிக்கெட் செய்தியாளராக இருந்து பேஸ்பாலுக்கு வந்த அவர், ஆட்டத்தைப் பதிவு செய்யும் முறைகளை வகுத்தார். அடித்துத் தளம் சேர்ந்த தடவைகளை, ஆடிய தடவைகளால் வகுத்தால் கிடைப்பதே மட்டைச் சராசரி.

இதில் ஒரு குறை இருந்தது. பந்து வீச்சாளர் நான்கு தவறான பந்துகளை வீச, மட்டையாளர் அவற்றை அடிக்காமல் விட்டால், அவர் முதல் தளத்துக்கு நடந்தே செல்லலாம். இதற்கு 'நடை' என்று பெயர். இது வீச்சாளரின் பிழையே அன்றி மட்டையாளரின் திறமை அன்று என்பது சாட்விக்கின் கருத்து. கிரிக்கெட்டிலும் 'வைடு' மட்டையாளரின் கணக்கில் சேர்வதில்லை அல்லவா? 1887-ஆம் ஆண்டில் மட்டும் நடையும் அடியாகக் கணக்கிடப்பட்டது. மறு ஆண்டே அது கைவிடப்பட்டது.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் காண்போம். இருவர் தலா 600 முறை ஆடுகின்றனர். முதல்வருக்கு 30 நடை. மீதி 570 முறையில் 171 அடி. சராசரி 0.300. இரண்டாமவருக்கு 100 நடை. மீதி 500 முறையில் 135 அடி. சராசரி 0.270. முதல்வரே சிறந்தவர் என்று தோன்றும். ஆனால் தளம் சேர்ந்த தடவைகளைக் கூட்டிப் பாருங்கள்: முதல்வர் 201, இரண்டாமவர் 235! முதல்வரைவிட இரண்டாமவர் 34 அவுட்டுகளை மிச்சப்படுத்தியிருக்கிறார். ஓர் ஆட்டத்துக்கே 27 அவுட்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் அருமை விளங்கும்.

விழிப்பு

1916-இல் எஃப். சி. லேன் என்ற பத்திரிகையாளர், ஒரு தள அடியையும் நான்கு தள அடியையும் சமமாக எண்ணுவது சரியன்று என வாதிட்டார். 1947-இல் புரூக்லின் குழுவின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, ஆலன் ராத் என்ற புள்ளியியலாளரைப் பணியில் அமர்த்தினார். நடையையும் சேர்த்த 'தளம் சேரும் விகிதம்' அவர்களால் முன்வைக்கப்பட்டது. ஆனால் அது அதிகாரபூர்வமான அளவாக ஏற்கப்பட்டது 1984-இல்தான்!

கனடாவின் ஜார்ஜ் லிண்ட்சே, நூற்றுக்கணக்கான ஆட்டங்களின் பதிவுகளை ஆராய்ந்து 1963-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் கணக்கின்படி, ஒரு தள அடியின் மதிப்பு சராசரியாக 0.41 ஓட்டம், நான்கு தள அடியின் மதிப்பு 1.42 ஓட்டம்.

கான்சாஸ் மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவலராக இருந்த பில் ஜேம்ஸ், 1977-இல் தம் ஆய்வுகளைத் தாமே அச்சிட்டு விற்றார். பிடித்தலைப் பற்றியும் அவர் ஓர் ஐயத்தை எழுப்பினார். பழைய கணக்கு, தவறவிட்ட பந்துகளைப் பிழையாக எண்ணியது. ஆனால் மெதுவாக ஓடுபவர் பந்தை எட்டுவதே இல்லை. எட்டாத பந்துக்குப் பிழையும் இல்லை! வேகமாக ஓடி அரிய பந்தைத் தொட்டு நழுவவிட்டவருக்கோ கெட்ட பெயர். எனவே ஓர் ஆட்டத்தில் எத்தனை பேரை அவுட்டாக்கினார் என்று எண்ணுக என்றார் ஜேம்ஸ். இதுவும் நிறைவான அளவன்று. பந்து அதிகமாக வரும் இடத்தில் நிற்பவருக்கு எண்ணிக்கை தானாகக் கூடும்.

சந்தையில் சோதனை

2001 இறுதியில், அன்று கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் இருந்த அத்லெடிக்ஸ் குழுவிலிருந்து ஜானி டேமன் என்ற வெளிக்கள ஆட்டக்காரர் விலகினார். பாஸ்டன் குழு நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 3 கோடியே 10 லட்சம் டாலர் தந்து அவரை அழைத்துக்கொண்டது. 2001-இல் அவருடைய தளம் சேரும் விகிதம் 0.324 மட்டுமே. ஓக்லண்டின் மேலாளர் பில்லி பீன், வயதாகிவிட்டதென்று பிறர் ஒதுக்கிய டேவிட் ஜஸ்டிஸை வாங்கினார். நடை பெறும் பொறுமை உடைய அவர், 2002-இல் 0.376 விகிதம் எட்டினார்.

அவ்வாண்டு நியூயார்க் யாங்கீஸ் ஊதியத்துக்குச் செலவிட்டது 12 கோடி டாலருக்கு மேல். ஓக்லண்ட் செலவிட்டது ஏறத்தாழ 4 கோடி. இரு குழுக்களும் வென்ற ஆட்டங்கள் 103!

இதை எண்களின் வெற்றி என்று மட்டும் கூறிவிடலாகாது. ஓக்லண்டிடம் சிறந்த பந்து வீச்சாளர் மூவர் இருந்தனர். டேமனும் 2004-இல் பாஸ்டன் குழுவுடன் உலகத் தொடரை வென்றார். 2015 முதல் பெரிய மைதானங்கள் எல்லாவற்றிலும் கருவிகள் பந்து பறந்த நேரத்தையும் ஆட்டக்காரர் ஓடிய தொலைவையும் அளக்கின்றன. ஜேம்ஸ் தேடிய 'எட்டாத பந்து' இப்போது கணக்கில் வந்துவிட்டது.

வாசகர்களே, சாட்விக் கூட்டல் கழித்தலில் பிழை செய்யவில்லை. எதைக் கூட்டுவது என்பதில்தான் அவர் முடிவு தவறியது. அந்த முடிவால் பொறுமைசாலிகளான எத்தனையோ ஆட்டக்காரர்கள் தங்களுக்குரிய மதிப்பைப் பெறாமலே போயினர். தேர்வு மதிப்பெண் ஆயினும், தொழிலாளியின் உற்பத்திக் கணக்கு ஆயினும், ஒருவரின் வாழ்வை ஓர் எண்ணால் முடிவு செய்யுமுன், அந்த எண் விட்டுவிட்டது எது என்று கேட்பதே அறிவியல் மனப்பான்மை ஆகும்.