கார்பரேட்டர் காலத்து மைலேஜ்

அம்பாசடர் கார் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பது பெரும்பாலும் மெக்கானிக்கின் கையில் இருந்தது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை தயாரான அந்தக் காரின் 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில், காற்றையும் பெட்ரோலையும் கலந்து அனுப்பியது எஸ்.யு. கார்பரேட்டர். கலவையின் விகிதத்தைத் தீர்மானித்தது அதன் அடியிலிருந்த ஒரு நட்டு.

எஞ்சின் நன்றாகச் சூடானதும், கார்பரேட்டரின் பக்கவாட்டிலுள்ள சிறு பின்னை அழுத்தி உள்ளே இருக்கும் பிஸ்டனை மயிரிழை அளவு தூக்குவார்கள். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். திணறி அணைந்தால் குறைவு. சற்றே ஏறி உடனே பழைய நிலைக்குத் திரும்பினால் சரி. அதன்பின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் வீணாகிறது, வெளுத்திருந்தால் போதவில்லை, இளம் பழுப்பாக இருந்தால் டியூனிங் முடிந்தது. காதையும் கண்ணையும் நம்பிய இந்த வேலையைப் பட்டறையில் வருடக்கணக்கில் நின்றுதான் கற்க முடிந்தது. உரிய மரியாதை பெறாத கைத்திறன் அது.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து தீப்பொறியின் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயின்ட்டும் அடிக்கடி கவனிப்பைக் கேட்டது. அதன் இடைவெளி சுமார் 0.015 அங்குலம். வண்டி ஓட ஓட அதன் குதிப்பகுதி தேய்ந்து இடைவெளி சுருங்கும், தீப்பொறி பிந்தும். ஓட்டுநர் தம்மையறியாமல் ஆக்சிலரேட்டரைக் கூடுதலாக மிதிப்பார். மைலேஜ் இப்படித்தான் சத்தமில்லாமல் இறங்கியது.

1973-இல் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடையால் சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. இந்தியாவில் 1978-இல் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் அமைந்தது. எரிபொருள் சிக்கனத்துக்கான பராமரிப்பு பொதுப் பிரசாரமாயிற்று. 1983-இல் வந்த மாருதி 800-உம் கார்பரேட்டர் வண்டிதான்.

2000-ஐ ஒட்டி இறுகிய புகை விதிகள் கார்பரேட்டரைக் கார்களிலிருந்து அகற்றின. பெட்ரோல் இன்ஜெக்‌ஷனில் புகைக்குழாயின் ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டுக் கணினியே கலவையைத் திருத்துகிறது. ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் கார்பரேட்டர் வண்டி பெட்ரோலைக் குடிக்கும். புதிய வண்டிகளில் மைலேஜ் ஏறக்குறைய மாறுவதில்லை, இழுவைதான் குறைகிறது என்பதை அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் சோதித்துக் காட்டியது. ஆனால் ஆக்சிஜன் சென்சார் கெட்டால் இழப்பு பெரிது.

டயர் காற்றின் கதை மட்டும் மாறவில்லை. நான்கு டயரிலும் அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜில் சுமார் 0.2 சதவீதம் போகிறது.